நிலவு எந்தத் திசையில் உதித்தது?
‘தலஅல் பத்ரு’ பாடலின் பொருளும் வரலாறும்

அரபி அறியாத தாயும், பொருள் தெரியாத பிள்ளையும், மொழியைக் கற்றுத் தேர்ந்த ஆலிமும் ஒரே குரலில் சேர்ந்து பாடக்கூடிய அரபிப் பாடல் ஒன்று நம்மிடையே உண்டென்றால், அது ‘தலஅல் பத்ரு’ என்னும் வரவேற்புப் பாடலேயாகும். மீலாது விழா மேடையிலும், மக்தப் மதரஸாவின் ஆண்டு விழாவிலும், தஃப் முழங்கும் ஊர்வலத்திலும் இப்பாடல் ஒலிக்காத ஊரைக் காண்பது அரிது. நாமும் ரபீஉல் அவ்வல் மாதந்தோறும் வெள்ளைத் தொப்பி அணிந்து, பிள்ளைகளின் முன்வரிசையில் நின்று, தொண்டை வறளப் பாடியே வளர்ந்தோம். பின்னர் ஓதிக்கொடுக்கும் பொறுப்புக்கு வந்தபோது, நமக்குச் சொல்லப்பட்ட வரலாற்றையே நம் மாணவர்களுக்கும் சொன்னோம். மக்காவைத் துறந்து வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்களை மதீனாவின் எல்லையில் எதிர்கொண்ட அன்ஸாரிகளின் வீட்டுச் சிறுமியர் பாடிய பாடல் இது என்பதே அவ்வரலாறு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஸஹீஹுல் புகாரியின் போர்கள் பற்றிய பகுதியைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஸாயிப் இப்னு யஸீத் (ரலி) அவர்களின் அறிவிப்பு வந்தது. தபூக்கிலிருந்து திரும்பிய பெருமானாரை எதிர்கொள்ளத் தாம் சிறுவர்களோடு ‘ஸனிய்யத்துல் வதாஃ’ வரை சென்றதை நினைவுகூரும் அறிவிப்பு அது. அப்போது பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் தயங்கியவாறு எழுந்தார்.

“ஹஜ்ரத், தபூக் மதீனாவுக்கு வடக்கே இருக்கிறது. மக்கா தெற்கே இருக்கிறது. இரண்டு பயணத்திலும் ஒரே கணவாய் வழியாக எப்படி வந்திருக்க முடியும்? பாட்டில் உள்ள நிலவு எந்தத் திசையில் உதித்தது?”

அன்று நம்மிடம் விடை இல்லை. முப்பதாண்டுக் காலம் பாடியும் பாடம் சொல்லியும் வந்த ஒரு பாடலின் முதலடியில் வரும் ஊர்ப்பெயரை நாம் ஒருமுறையேனும் வரைபடத்தில் தேடிப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டியிருந்தது. அந்த ஒரு கேள்வியைத் தொடர்ந்து சென்றதில் நாம் கண்டவற்றையே இங்கு எழுத முற்படுகிறோம்.

பெயரின் பொருள்

‘ஸனிய்யா’ என்னும் சொல் வளைத்தல், மடித்தல் என்னும் பொருள் தரும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. மலையிலோ மேட்டிலோ ஏறி இறங்கும் வழியை, அதாவது கணவாயை அது குறிக்கும். ‘வதாஃ’ என்பதற்கு விடைகொடுத்தல் என்று பொருள். பெருமானார் நிறைவேற்றிய இறுதி ஹஜ்ஜை ‘ஹஜ்ஜத்துல் வதாஃ’ என்று வழங்குவதில் உள்ளதும் இதே சொல்தான். ஆகவே ‘ஸனிய்யத்துல் வதாஃ’ என்பது, ஊரிலிருந்து புறப்படுவோரை உறவினர்கள் கூடவே சென்று வழியனுப்பிவிட்டுத் திரும்பும் கணவாய் எனப் பொருள்படும்.

இப்பெயர் எவ்வாறு வந்தது என்பதில் பலவகைக் கூற்றுகள் உள்ளன. ஹிஜ்ரி 3-ஆம் நூற்றாண்டில் மதீனாவின் வரலாற்றைத் தொகுத்த இப்னு ஷப்பா (மறைவு ஹி. 262), அறியாமைக் கால நம்பிக்கை ஒன்றைப் பதிவு செய்துள்ளார். அக்காலத்தில் மதீனாவுக்கு வரும் அந்நியர் அந்தக் கணவாயில் நின்று கழுதைபோல் பத்துமுறை கத்த வேண்டும். கத்தாமல் நுழைந்தால் ஊரின் காய்ச்சலுக்கு இரையாவார் என்று மக்கள் நம்பினராம். புவியியலறிஞர் யாகூத் அல்ஹமவீ (மறைவு ஹி. 626 / கி.பி. 1229) பல காரணங்களையும் அடுக்கிக் காட்டிவிட்டு, பயணிகளுக்கு விடைகொடுக்கும் இடமாக இருந்ததால் இஸ்லாத்திற்கு முன்பிருந்தே வழங்கிவரும் பழம்பெயர் இது என்பதே சரியானது என்று முடிக்கிறார்.

மொழி பயில்வோர் நோக்கத்தக்க நுட்பம் ஒன்றும் இங்குண்டு. நபிமொழித் தொகுப்புகளில் இப்பெயர் பெரும்பாலும் ஒருமையில், ‘ஸனிய்யத்து’ என்றே வருகிறது. பாடலிலோ அது ‘ஸனிய்யாத்து’ என்று பன்மையாகிறது. இப்பன்மையைக் கொண்டு, இப்பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கணவாய்கள் இருந்தன என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் பாடல் அமைந்திருப்பது ‘ரமல்’ என்னும் யாப்பில். அந்த யாப்பில் அவ்விடத்தில் ஒரு நெடில் இருந்தே ஆக வேண்டும். ஒருமையை வைத்தால் சந்தம் முறிந்துவிடும். எனவே அந்தப் பன்மை யாப்பின் தேவையால் வந்ததாக இருக்கலாம் என்றும், அதைக்கொண்டு நிலவியலைத் தீர்மானிப்பது உறுதியான வழியன்று என்றும் நாம் கருதுகிறோம்.

அறிவிப்பாளர் தொடர்

இப்பாடலைத் தமது ‘தலாஇலுந் நுபுவ்வா’ என்னும் நூலில் பதிவு செய்தவர் இமாம் பைஹகீ (ஹி. 384–458). அவருடைய அறிவிப்பு இப்னு ஆயிஷா என்பவரிடம் சென்று முடிகிறது. பெயரைக் கண்டு இவரை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மகன் என எண்ணிவிடலாகாது. அன்னைக்கு மக்கள் இல்லை. இவர் பஸராவைச் சேர்ந்த உபைதுல்லாஹ் இப்னு முஹம்மத் என்பவர். தல்ஹா (ரலி) அவர்களின் மகள் ஆயிஷாவின் வழித்தோன்றல் என்பதால் இப்பெயர் பெற்றார். நம்பகமான அறிஞர்தாம், ஆயினும் அவர் மறைந்த ஆண்டு ஹிஜ்ரி 228. பெருமானார் மதீனா வந்த ஆண்டுக்கும் அவருக்கும் இடையில் இரண்டு நூற்றாண்டுகள் உள்ளன. அந்த இடைவெளியை இணைக்க வேண்டிய அறிவிப்பாளர்களின் பெயர்கள் கூறப்படவில்லை. தொடர்ச்சியாக இருவரோ அதற்கு மேற்பட்டோரோ விடுபட்ட தொடரை ஹதீஸ் கலையினர் ‘முஃளல்’ என்பர். இத்தொடர் அவ்வகையைச் சேர்ந்தது என்று ஹாஃபிழ் இராக்கீ (மறைவு ஹி. 806) அவர்களும், அவருடைய மாணவர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (மறைவு ஹி. 852) அவர்களும் கூறியுள்ளனர்.

இமாம் கஸ்ஸாலீ (மறைவு ஹி. 505) தமது ‘இஹ்யா’வில் இசை கேட்டல் பற்றிய பகுதியில் இப்பாடலைச் சான்று காட்டுகிறார்; பெண்கள் கூரைகளின்மீது நின்று தஃப் அடித்து இன்னிசையோடு பாடினர் என்கிறார். இராக்கீயோ, பைஹகீயின் அறிவிப்பில் தஃப் பற்றியோ இன்னிசை பற்றியோ குறிப்பு இல்லை என்று திருத்துகிறார். ஒரு செய்தி கைமாறும்போது அதன்மேல் வண்ணம் ஏறுவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. பைஹகீயிடம் இருப்பவை இரண்டே பைத்துகள். மூன்றாவது பைத்து ஹிஜ்ரி 6-ஆம் நூற்றாண்டினரான ரஸீன் இப்னு முஆவியாவின் வழியாகச் சேர்கிறது. நம் ஊர்களில் அவற்றுக்குப் பின் நீண்டு செல்லும் அடிகள், பின்வந்தோர் அன்பின் மிகுதியால் கோத்தவை.

இப்னு ஹிஷாம் (மறைவு ஹி. 218) அவர்களின் நபி வரலாற்றில் இப்பாடல் இல்லை, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ் நூல்களிலும் இல்லை.

திசையின் சிக்கல்

கி.பி. 622-இல் நிகழ்ந்த ஹிஜ்ரத்தின்போது பெருமானார் முதலில் தங்கிய குபா, மதீனாவின் தென்புறத்தில் உள்ளது. அங்கிருந்து வடக்கு நோக்கி நகருக்குள் வந்தார்கள். கணவாயோ நகரின் வடபுறத்தில், ஸல்உ மலையின் அருகில் இருந்தது. இதற்குச் சான்றுகள் பல.

குதிரைப் பந்தயம் பற்றி இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் புகாரியின் நபிமொழியில், பழக்கப்பட்ட குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து இக்கணவாய் வரையிலும், பழக்கப்படாதவை இக்கணவாயிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் ஓடின என்று வருகிறது. ஹஃப்யா மதீனாவின் வடபுறத்து இடமாகும். தபூக்கிற்குப் புறப்பட்டபோது பெருமானார் தமது பாசறையை இக்கணவாயின்மேல் அமைத்தார்கள் என்று இப்னு ஹிஷாமின் நூல் கூறுகிறது. ஸாயிப் (ரலி) அவர்களின் அறிவிப்பையோ முன்னரே கண்டோம்.

இவற்றைக் கருத்தில் கொண்டே இப்னுல் கய்யிம் (மறைவு ஹி. 751) ‘ஸாதுல் மஆத்’ நூலில் இப்பாடலைத் தபூக்கிலிருந்து திரும்பிய நிகழ்ச்சியில் வைக்கிறார். மக்காவிலிருந்து வந்தபோது பாடப்பட்டதாகக் கூறுவது அறிவிப்பாளர் சிலரின் வெளிப்படையான பிழை என்றும், இக்கணவாய் ஷாம் செல்லும் திசையில் உள்ளது, மக்காவிலிருந்து வருபவர் அதனைக் கடக்கவே மாட்டார் என்றும் உறுதிபடக் கூறுகிறார். இப்னு ஹஜர், தொடரின் குறையைச் சொல்லிவிட்டு, ‘தபூக்கிலிருந்து வந்தபோது நிகழ்ந்திருக்கலாம்’ என்ற அளவில் நின்றுகொள்கிறார். இமாம் பைஹகீயின் நேர்மை தனியே குறிப்பிடத்தக்கது. இச்செய்தியை அவர் ஹிஜ்ரத் பகுதியிலும் எழுதினார்; தபூக் பகுதியிலும் மீண்டும் எழுதினார். நம் அறிஞர்கள் இதனை மக்காவிலிருந்து வந்த நிகழ்ச்சியோடுதான் கூறுகின்றனர் என்று சொல்லி, அல்லாஹ்வே நன்கறிந்தவன் என்று முடித்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் மறைக்காமல் விட்டுச் சென்ற ஐயத்தைத்தான் நம் மாணவர் வகுப்பில் எழுப்பினார்.

மறுதரப்பையும் சொல்லுதல் நீதியாகும். காளீ இயாளும் யாகூத்தும் இக்கணவாய் மக்கா செல்லும் வழியில் உள்ளது என்றே எழுதினர். எகிப்தில் பிறந்து மதீனாவில் பல்லாண்டு வாழ்ந்து அங்கேயே மறைந்த வரலாற்றறிஞர் ஸம்ஹூதீ (மறைவு ஹி. 911) தம் கண்ணால் கண்ட நிலத்தைக் கொண்டு அதனை மறுத்து, அது வடபுறத்தில்தான் உள்ளது என்று நிறுவினார். ஆயினும் ஹிஜ்ரத் நாளில் பாடப்பட்டிருக்க முடியாது என்று அவர் சொல்லிவிடவில்லை. பெருமானார் குபாவிலிருந்து புறப்பட்டு, ஒட்டகத்தின் கடிவாளத்தைத் தளரவிட்டு, அன்ஸாரிகளின் குடியிருப்புகளைக் கடந்து பனூ ஸாஇதா வரை சென்றார்கள். அவர்களுடைய வீடுகள் வடபுறத்தில் இக்கணவாய்க்கு அண்மையில் இருந்தன. எனவே அந்தப் பக்கமாகவே ஊருக்குள் நுழைந்திருக்கலாம் என்பது அவர் காட்டும் இணக்கம். இதனை முற்றிலும் தள்ளிவிட இயலாது. எனினும் எடைபோட்டுப் பார்க்கையில், நிலத்தின் சான்றும் ஸஹீஹான நபிமொழியின் சான்றும் தபூக்கின் பக்கமே சாய்கின்றன.

விடைகொடுத்த வழியில்

இவ்வளவையும் படித்தறிந்தபோது முதலில் நம் உள்ளத்தில் எழுந்தது வருத்தமே. ஊரை இழந்து வந்த ஒருவரை ஓர் ஊரே திரண்டு வரவேற்ற காட்சியை இப்பாடலிலிருந்து பிரிக்க மனம் வரவில்லை. 1976-இல் வெளிவந்த ‘தி மெஸேஜ்’ திரைப்படத்தில் மதீனா வருகையைக் காட்டும்போது ஒலிப்பதும் இப்பாடல்தான். 2015 டிசம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் பள்ளி மாணவர் குழுவொன்று இதனைப் பாடிய காட்சி, சிரியா நாட்டு அகதிகளுக்கான வரவேற்பாக உலகெங்கும் பரவியது. அதைக் கண்டு நாமும் கண் கலங்கினோம்.

ஆனால் ஹிஜ்ரத் நாளின் மகிழ்ச்சி இப்பாடலை நம்பி நிற்கவில்லை. அல்லாஹ்வின் தூதரின் வருகைக்காக மதீனாவாசிகள் மகிழ்ந்ததைப் போல் வேறெதற்கும் மகிழ்ந்து தாம் கண்டதில்லை என்று பராஉ இப்னு ஆஸிப் (ரலி) கூறுவது புகாரியில் உள்ளது. ஆண்களும் பெண்களும் வீட்டுக் கூரைகளில் ஏறியதும், சிறுவர்களும் பணியாட்களும் தெருக்களில் பரவிப் பெருமானாரின் பெயர் சொல்லி அழைத்ததும் முஸ்லிமில் உள்ளன. தஃப் அடித்துப் பாடிய பனூ நஜ்ஜார் சிறுமியரிடம் பெருமானார் தமது அன்பை வெளிப்படுத்தியதை அனஸ் (ரலி) வாயிலாக இப்னு மாஜா பதிவு செய்துள்ளார். இத்தனை உறுதியான சான்றுகள் இருக்க, வலுவற்ற ஒன்றின்மீது அந்நாளின் முழுப் பாரத்தையும் ஏற்றி வைத்தது நம் பிழைதான்.

பாடலைத் தபூக்கின் இடத்தில் வைத்துப் பார்த்தபோதோ, அந்த ஊர்ப்பெயர் முதன்முறையாக நமக்குப் பொருள் தரத் தொடங்கியது. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு ஜுமாதல் ஊலாவில் மூத்தா நோக்கிச் சென்ற படையைப் பெருமானார் இக்கணவாய் வரை உடன்சென்று வழியனுப்பினார்கள். அப்படையின் தளபதிகளான ஸைத் இப்னு ஹாரிஸா, ஜஅஃபர் இப்னு அபீதாலிப், அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி – அன்ஹும்) ஆகிய மூவரும் திரும்பி வரவில்லை. மறு ஆண்டு ரஜபில், கடும் வெயிலில், பேரீச்சை கனிந்திருந்த பருவத்தில், முப்பதாயிரம் பேர் எனக் கூறப்படும் படை அதே வழியில் ரோமர்களை எதிர்நோக்கிப் புறப்பட்டது. வழியனுப்பியவர்கள் எதை எண்ணி வீடு திரும்பியிருப்பார்கள் என்பதை எவரும் உணரலாம். ரமளானில் அதே கணவாயின் பக்கமிருந்து பெருமானார் நலமுடன் திரும்பினார்கள். ஓடிச்சென்று எதிர்கொண்ட சிறுவர்களில் ஒருவரான ஸாயிபுக்கு அப்போது வயது ஏறத்தாழ ஆறு; முதுமையிலும் அந்தக் காட்சி அவர் நினைவைவிட்டு அகலவில்லை.

விடைகொடுத்து அழுதுவிட்டு வந்த வழியிலேயே நிலவு உதித்தது என்று சொல்லும்போது, அந்தப் பெயர் வெறும் முகவரியாக நின்றுவிடவில்லை. பிரிவின் பெயர் கொண்ட இடத்திலேயே கூடலும் நிகழ்ந்தது என்பதுதான் பாடலின் உயிர். இத்தனை ஆண்டுகளாக ஏதோ ஒரு மலையின் பெயர் என்றெண்ணி நாம் கடந்து சென்றது இதைத்தான்.

இரண்டாம் பைத்து பேசுவது நன்றியைப் பற்றி. அல்லாஹ்வின்பால் அழைப்பவர் உலகில் இருக்கும் காலமெல்லாம் நன்றி செலுத்துவது கடமையாகிவிட்டது என்பது அதன் கருத்து. ‘வாஜிப்’ என்னும் சட்டச் சொல்லின் வேரே அங்கு ஆளப்பட்டுள்ளது. இதைப் படிக்கையில், தபூக்கிலிருந்து திரும்பிய அந்நாளில் மகிழ முடியாமல் நின்ற ஒருவர் நம் நினைவுக்கு வருகிறார். தக்க காரணமின்றிப் பின்தங்கிவிட்ட கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர். எண்பதுக்கும் மேற்பட்டோர் பொய்ச்சாக்குகள் சொல்லித் தப்பியபோது, அவர் உண்மையைச் சொல்லி ஐம்பது இரவுகள் ஊரால் விலக்கி வைக்கப்பட்டார். ஐம்பதாம் நாள் வைகறையில், ஸல்உ மலையின்மீது ஏறிய ஒருவர் மன்னிப்பின் நற்செய்தியை உரத்துக் கூவினார். கஅப் அக்கணமே ஸஜ்தாவில் விழுந்தார். கணவாய்க்கு அருகில் உள்ள அதே மலை அது. சிறுவர்கள் பாடிச் செலுத்திய நன்றியையும், கஅப் நெற்றியை நிலத்தில் வைத்துச் செலுத்திய நன்றியையும் ஒரே நிலப்பரப்பு கண்டது. இவ்விரண்டையும் இணைத்துக் கூறும் அறிவிப்பு ஏதுமில்லை. இது நம் சிந்தனை மட்டுமே. ஆயினும் இரண்டாம் பைத்தை இன்று நாம் பாடும்போது கஅபை நினைக்காமல் பாட முடிவதில்லை.

இனி என் செய்வது?

அண்மையில் ஓர் ஊரின் மீலாது மேடையில், பிள்ளைகள் இப்பாடலைத் தொடங்கிய வேளையில், இளைஞர் ஒருவர் எழுந்து ‘இது ஆதாரமற்றது, நிறுத்துங்கள்’ என்றார். பெரியவர் ஒருவர் சினந்து, ‘எங்கள் தாய்மார் தாலாட்டில் பாடியதை நிறுத்த நீ யார்?’ என்றார். நடுவில் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அஞ்சி வாயடைத்து நின்றனர். இருவர் சொல்லிலும் ஒரு பாதி உண்மை இருந்தது. பிள்ளைகளுக்குப் பதில் சொல்வாரில்லை.

முஹத்திஸ்களின் நடுநிலை நமக்கு வழிகாட்டுகிறது. சட்டம் எதுவும் இதன்மேல் எழுப்பப்படாத வரை, வலுவற்ற தொடரில் வந்த வரலாற்றுச் செய்தியை அதன் நிலையைச் சொல்லி அறிவிப்பதை அவர்கள் தடுக்கவில்லை. பாடலில் உள்ள கருத்துகளோ மாசற்றவை. ஆகவே பாடலாம். ஆனால் ‘இவ்வாறு அறிவிக்கப்படுகிறது’ என்று சொல்வதும், ஹிஜ்ரத்தின் உறுதியான ஆதாரம் போல் இதனைக் காட்டாமலிருப்பதும் நம் கடமை. பெருமானாரின்மீது கொண்ட அன்பு, அவர்களைப் பற்றிய செய்தியைச் சரிபார்ப்பதற்குத் தடையாகலாகாது. அவர்களைப் பற்றிப் பேசும்போது பிறரைப் பற்றிப் பேசுவதைவிடக் கூடுதலான கவனம் வேண்டும்.

இவ்வாண்டு நம் பிள்ளைகளுக்கு இப்பாடலைக் கற்பித்தபோது, கரும்பலகையில் மதீனாவின் வரைபடம் ஒன்றை வரைந்தோம். தெற்கே குபா, வடக்கே உஹது, இடையே பள்ளிவாசல், அதன் வடமேற்கே ஸல்உ, அருகே கணவாய். அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவர் இன்று தாமே ஓர் ஊரில் ஓதிக்கொடுத்து வருகிறார். அவருக்கு நாம் அன்று சொல்லத் தவறிய விடை இதுதான்: நிலவு வடக்கே உதித்திருக்கவே வாய்ப்பு மிகுதி, உறுதியாகச் சொல்லும் சான்று நம்மிடம் இல்லை, ஆனால் அது விடைகொடுத்த வழியில் உதித்தது.

உண்மையை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.